பேபிச்சன் பார்த்த தைராய்டு ரிப்போர்ட்

டாக்டர் பார்ப்பதற்கு முன்பே உங்கள் ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் படித்துவிடும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. எங்கள் கேரளத்துப் பாலா ஊரில் அந்த இனத்துக்குத் தலைவர் பேபிச்சன். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக ஏசி ரிப்பேர் பார்த்தவர். வைத்தியம் தெரிய இது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை குர்பானா பூசை முடிந்தால் சர்ச் முற்றத்தில் அவருக்குத் தர்பார். சர்க்கரை, கொழுப்பு என்று ஊரே காகிதத்தோடு சூழ்ந்துகொள்ளும், அவர் வயதைப் பார்க்கமாட்டார், வியாதியைப் பார்க்கமாட்டார், அளவு தப்பியது என்று லேப்காரன் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தால் உச்சுக்கொட்டுவார், மெல்லிய எழுத்தாக இருந்தால் உங்களை மன்னித்துவிடுவார்.

என் தம்பி மனைவி ஷெரினுக்குப் போன வருஷம் கரு கலைந்துபோனது. இப்போது மறுபடி உண்டாகி, மூன்றாம் மாதம் பிறக்கவில்லை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் தைராய்டுக்குச் சின்ன மாத்திரை ஒன்று கொடுத்திருந்தார். ரிப்போர்ட்டை பேபிச்சனிடம் காட்டியது யார்? என் அம்மச்சிதான். தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி தடித்த எழுத்தில் இருந்தது. தைராய்டு தளர்ந்தால் ஏறும் டி.எஸ்.எச். மெல்லிய எழுத்தில்.

"டி.எஸ்.எச். நார்மல்தான் மோளே. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு மாத்திரை? நிறுத்து. ஆன்டிபாடிய நான் பாத்துக்கறேன்" என்றார் ஷெரினிடம். அவளும் நிறுத்திவிட்டாள்.

எப்படிப் பார்த்துக்கொண்டார்? காலையில் கொத்தமல்லித் தண்ணீர், கப்பக்கிழங்கு என்கிற மரவள்ளிக்குத் தடை. மசக்கையில் அந்தப் பெண்ணுக்கு இறங்கியதே கப்பையும் மீன்குழம்பும்தான், அதற்கும் ஆப்பு! அச்சிட்ட அளவு கர்ப்பிணிகளுக்கானதல்ல, ஆரம்ப மாதங்களில் டி.எஸ்.எச். அதைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும், ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு அது ஏறிவிடக்கூடும், அதனால்தான் மாதாமாதம் சோதனை என்பதெல்லாம் ஏசி ரிப்பேரில் வராது போலும்.

அடுத்த சோதனையில் டி.எஸ்.எச்.சும் தடித்த எழுத்துக்கு வந்துவிட்டது.

"யாரைக் கேட்டு நிறுத்துன?" என்றார் டாக்டர். ஷெரின் அழுதாள். ஸ்கேனில் இதயத்துடிப்பு கேட்கும்வரை நான் அறை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பேபிச்சன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்! நல்லவேளை, துடிப்பு கேட்டது. மாத்திரையை அதிகமாக்கி எழுதிக் கொடுத்தார்கள்.

பேபிச்சன் வெட்கப்பட்டாரா? கொத்தமல்லித் தண்ணீர்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று முற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் சரி, அந்த டி.எஸ்.எச். எவ்வளவு என்று கதை சொன்னவர் எண்ணைச் சொல்லாமல் விட்டாரே என்று உங்களுக்கு அரிக்கிறதா? சொல்லமாட்டேன். உங்கள் தங்கை வீட்டிலும் நீங்கள் நிறுத்தச் சொல்ல ஒரு மாத்திரை டப்பா இருக்குமல்லவா?