ஐந்து மடங்கு பொயின்ற்ஸ்

மொன்றியலில் கடைக் காட்டில் பொயின்ற்ஸ் சேர்த்து உருப்பட்டவன் ஒருவனும் இல்லை. சேர்த்துச் சேர்த்து அடுத்தவனின் உயிரை வாங்கிய மனிதர் ஒருவர் இருக்கிறார். சென்ட் லோரன்டில் நான் நிலக்கீழ் அறையில் கிடந்த காலத்தில் அவர் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பொயின்ற்ஸ் அண்ணை என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கடைக்காரன் விசரன் இல்லை. நூறு டொலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு வாழைப்பழம் வாங்கக் காணுமான பொயின்ற்ஸ் தருவான். அந்த வாழைப்பழத்துக்காக வேண்டாத பத்துச் சாமானை உன் தலையில் கட்டிவிடுவான். இதை அண்ணைக்குச் சொன்னால், "உமக்குக் கணக்கு விளங்காது" என்பார். ஒருமுறை மேலதிகப் பொயின்ற்ஸ் வருகிறது என்று பூனைச் சாப்பாடு நாற்பது ரின் வாங்கி வந்தார். அதற்குப் பிறகுதான் பூனை தேடத் தொடங்கினார். பதினொரு வருடம் சேர்த்ததற்கு ஒரு ரோஸ்ரர் கிடைத்தது. பாணை ஒரு பக்கம் மட்டும் கருக்கும். "திருப்பிப் போட்டாச் சரி" என்றார்.

சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன். அதற்குள் என் அகதி வழக்கு விசாரணைக்கு நாள் வந்தது.

காலை ஒன்பது மணிக்கு டவுன்டவுனில் நேரில் நிற்க வேண்டும். போகாவிட்டால் வழக்கைக் கைவிட்டான் என்று எழுதிவிடுவார்கள். பிறகு விமானம்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எனக்காக யார் காத்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மூன்று இரவு கண்மூடவில்லை. விடிய எழும்பினால் வெளியே பனிப்புயல். மெத்ரோவில் போகிறேன் என்று கிளம்பினேன். அண்ணை வாசலில் மறித்தார்.

"பைலெல்லாம் நனைஞ்சுபோம் தம்பி. நான் கொண்டுபோய் விடுறன், ஏறும்."

ஏறினேன். ஏறிய பிறகுதான் பெற்றோல் விளக்கு எரிவதைக் கண்டேன்.

"அண்ணை, காஸ் இல்லை."

"லைற் எரிஞ்சாலும் கனதூரம் ஓடும். அந்தரப்படாதையும்."

முதல் பெற்றோல் நிலையத்தைக் கடந்தார். "அதில எங்கட பொயின்ற்ஸ் காட் எடுக்கமாட்டான்." இரண்டாவதையும் கடந்தார். "அதில ஒரு மடங்குதான். அங்கால உள்ளதில இண்டைக்கு அஞ்சு மடங்கு." அங்கால உள்ளது டவுன்டவுனுக்கு எதிர்த்திசையில் இருந்தது. கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கார் இருமியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் காருக்குள் இருந்து எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

எட்டு மணிக்கு அந்த நிலையத்துக்குள் உருண்டு போய்ச் சேர்ந்தோம். முதலில் உள்ளே காசு கட்டினால்தான் பெற்றோல் வரும். கல்லாவில் நின்ற பெட்டை காட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். ஐந்து மடங்கு வேண்டுமென்றால் முதலில் போனில் கடையின் அப்பைத் திறந்து அந்தச் சலுகையை அமத்த வேண்டுமாம். அண்ணை போனை எடுத்தார். அது கடவுச்சொல் கேட்டது. அவருக்கு மறந்துவிட்டது. புதியது மின்னஞ்சலுக்கு வருமாம். மின்னஞ்சலின் கடவுச்சொல் மகளுக்குத்தான் தெரியும். மகள் பள்ளிக்கூடத்தில்.

"பொறும், பிள்ளைக்கு அடிச்சுப் பாக்கிறன்."

"அண்ணை, நேரம் போகுது."

"ரெண்டு நிமிசம்."

பின்னால் வரிசை நீண்டது. மகள் போனை எடுக்கவில்லை. அவர் திரும்பவும் அடித்தார். மணி எட்டு இருபது. கத்திவிட்டேன்.

"அவங்கள் என்னைத் திருப்பி அனுப்பப் போறாங்கள் அண்ணை. உங்கட பொயின்ற்ஸிலயே எனக்குக் கொழும்புக்கு ரிக்கெற்றையும் எடுத்துத் தாங்கோ."

அவர் கண்ணை மேலே உருட்டி, உண்மையாகவே மனதுக்குள் கணக்குப் பார்த்தார்.

"கொழும்புக்கோ? காணாது. இன்னும் முப்பது வருசம் சேர்க்கோணும்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். இருபது டொலர்த் தாளைக் கல்லாவில் அடித்து வைத்துவிட்டு வெளியே ஓடினார். "மெசியே, காட்" என்று அந்தப் பெட்டை பின்னால் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

பெற்றோல் அடித்துக்கொண்டு டவுன்டவுனுக்கு விரட்டினார். வழி முழுக்க உதடு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது. மூன்று நிமிடம் மிச்சமிருக்க நான் படியேறினேன்.

மூன்று மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். வெளியே வந்தபோது அவர் வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். விசாரணை அறைக்கு வெளியே இருந்த கதிரையில், பனிக்கோட்டைக்கூடக் கழற்றாமல், வியர்வை வழிய இருந்தார். வேலைக்குப் போகவே இல்லை.

"என்ன மாதிரித் தம்பி? இங்கயே இருக்கச் சொல்லிப்போட்டினமோ?"

"ஓம் அண்ணை. சொல்லிப்போட்டினம்."

அவர் சுவரின் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அன்றைக்குத் திட்டத் தொடங்கியவன் இன்னும் அவரைத் திட்டுகிறேன். ஆனால் இந்த ஊரில் எனக்காக முதன்முதலில் பயந்த ஆள் அவர்தான்.