அருள்மிகு ஹாரன் ஆத்தா

ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவில், வானத்துக்கு ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கு இந்தப் பக்கம், எங்கள் கோரைமேட்டில், அதே எழுபத்துநான்காம் ஆண்டில், நாங்கள் ஒரு பழைய காருக்கு மஞ்சள் புடவை கட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். ராக்கெட் சத்தம் கேட்டால்கூட எங்கள் ஆள்கள் காரைப் பார்த்துத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தால் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. பொன்னேரியிலிருந்து மாட்டுவண்டி, மீஞ்சூரிலிருந்து சைக்கிள், பழவேற்காட்டிலிருந்து படகு. திருவள்ளூர் கோர்ட்டில் வழக்கு நடத்துகிறவர்கள் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் காரைப் பார்க்க வந்தார்கள். வக்கீல் வாய்தா வாங்குவார், கார் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். எது லாபம், நீங்களே சொல்லுங்கள்.

சட்டம் எளிமையானது. ஆத்தாவிடம் கேள்வி கேட்க வேண்டும். ஹாரன் அடித்தால் "ஆமாம்". அடிக்காவிட்டால் "இல்லை". கார் எஞ்சின் ஓடாது. ஹாரனை யாரும் அமுக்க மாட்டார்கள். டிரைவர் சீட்டில் பூசாரி சடையப்பன், மஞ்சள் துணி போர்த்திய ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். "என் பசு சினை புடிச்சிருக்குதா ஆத்தா?" என்று வெளியிலிருந்து ஒருவன் கத்துவான். "பாஆஆம்!" என்று ஆத்தா உள்ளேயிருந்து சொல்லுவாள். கூட்டம் அப்படியே தரையில் விழும். நானும் விழுந்தவன்தான். என் முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இது ஆரம்பித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நஞ்சை அதிகம் உள்ளவர் மணவாளன். வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை மூன்றாவது கையாக வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாளே மீஞ்சூருக்குக் கிளம்பினார். எல்லையம்மன் கோயில் முனையில் கார் இடப்பக்கம் திரும்பியதோ இல்லையோ, "பாஆஆம்!" மணவாளன் ஹாரனில் கை வைக்கவே இல்லை. திரும்பி வரும்போது அதே முனையில் சத்தமே இல்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"ஆத்தாவ கேக்காம ஊரைத் தாண்ட மாட்டேங்குது வண்டி!" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மீஞ்சூர் கடைத்தெருவில் இடப்பக்கம் திரும்பும்போதும் அது கத்தத்தான் செய்தது. ஆனால் மீஞ்சூர் கடைத்தெருவில் எந்த வண்டிதான் கத்தவில்லை? அதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கோயில் பக்கத்தில் கத்தினால்தான் அற்புதம், கடைத்தெருவில் கத்தினால் வெறும் இரைச்சல்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும். மணவாளன் சடையப்பனைக் கூப்பிட்டார். சடையப்பன் அதுவரை பேய் ஓட்டிப் பிழைத்தவர். ஊருக்குக் கரண்டு வந்து தெருவிளக்கு எரிய ஆரம்பித்ததிலிருந்து பேய்களெல்லாம் குறைந்துபோய், பாவம், தொழில் படுத்துவிட்டது. அவர் காரில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே என்னமோ செய்தார். ஹாரன் நாலு தடவை விட்டு விட்டு அடித்தது. வெளியே வந்தபோது அவருக்குச் சாமி வந்துவிட்டிருந்தது.

"ஆத்தா எறங்கிட்டா! நைனா மணவாளா, இனிமே இது உன் வண்டி இல்ல. ஆத்தா வாகனம்!"

அன்றிலிருந்து கார் கோயில் பந்தலில் நின்றது. காருக்குச் சொந்தக்காரர் மீஞ்சூருக்கு நடந்து போனார். காணிக்கையாகக் குவிந்தது சேவல், நெல், எலுமிச்சம்பழம், எல்லாவற்றுக்கும் மேலாக இறால். ஆத்தாவுக்கு இறால் என்றால் உயிராம். படைத்தது ஆத்தாவுக்கு, ஏப்பம் விட்டது சடையப்பன். நான் கொடுத்தது ஒரு சேவல். அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை மட்டும் ஆத்தாவுக்கு மௌன விரதம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேள்வி கேட்பதெல்லாம் காரிடம்தான், காரைப் பற்றி இல்லை.

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். என் எதிர்வீட்டுப் பெண் சந்திரகலா. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பல்பு கம்பெனியில் வேலை. செய்த பல்பு எரிகிறதா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்குவது அவள் பாடு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து மீஞ்சூரில் இறங்கியவள் பேட்டரி கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். சார்ஜ் ஏற வைத்திருந்த பேட்டரி வரிசையில் ஒன்றுக்கு மட்டும் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்டுவிட்டாள்.

"இன்னா சாமி, சனிக்கிழமை ஆத்தா மீஞ்சூர் பேட்டரி கடையில குந்திகினு சார்ஜ் ஏத்திக்கினு கீறாளே, பாத்தேனே!"

நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். சடையப்பன் அதை மனசில் எழுதி வைத்துக்கொண்டார்.

சந்திரகலாவுக்கும் பக்கத்துத் தெரு சேகருக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்து, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை. சேகர் நல்ல பையன், உழுவான், நடுவான், இரண்டு ஆள் மூட்டையை ஒரே ஆளாகத் தூக்குவான். அம்மாவைக் கண்டால் மட்டும் தூக்கிய மூட்டையைக் கீழே போட்டுவிடுவான். அவன் அம்மா பச்சையம்மா, கட்டைக்குரல், கறாரான ஆள். நாள் குறித்துப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் ஆத்தாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆத்தா, இந்தப் பொண்ணு என் ஊட்டுக்கு வந்தா எதுனா தோஷம் கீதா?"

"பாஆஆஆஆஆம்!"

அவ்வளவு நீளமாக ஆத்தா அதற்கு முன் பேசியதே இல்லை. சடையப்பன் கண்ணை மூடியபடியே பரிகாரம் சொன்னார். பெண் கம்பெனி வேலையை விட்டுவிட வேண்டும். நாற்பத்தெட்டு நாள், தினமும் விடியற்காலையில், ஆத்தாவின் வாகனத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணம் கூடாது.

அன்றைக்குச் சாயங்காலம் சேகர் எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் என் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். காது சும்மா இருக்குமா?

"நாப்பத்தெட்டு நாளுதானே சந்திரா. கழுவிட்டுப் போயேன். இன்னாத்துக்கு பேஜாரு?"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, கல்யாணம்."

"அப்புறம் உங்கம்மா இன்னொரு கேள்வி கேப்பாங்க. அந்த ஹாரன் அடிச்சா என்னை ஊட்டை விட்டுத் தொரத்துவியா? நாளைக்கு ஒரு கொழந்த பொறந்தா, அத்தத் தூக்கலாமா வாணாமான்னு அந்தாண்ட போய் நிப்பியா?"

சேகர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சேவலை வேறு கொடுத்துத் தொலைத்தோமே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ வெள்ளிக்கிழமை வர்றியாண்ணே? கூட்டத்துல நமக்குன்னு ஒரு ஆள் வேணும்" என்றாள். வருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். சந்திரகலா தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, பயபக்தியாக வந்து நின்றாள். சடையப்பனுக்கு முகமெல்லாம் பல்.

"புத்தி வந்துச்சா பொண்ணு?"

"வந்துச்சு சாமி. நீங்க சொன்ன பரிகாரத்தப் பத்தி ஆத்தாகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். ஆனா கூச்சமா கீது. ஆத்தா காதுல ரகசியமா கேக்கலாமா? ஆத்தாவுக்குக் கேக்குமில்ல?"

"ஆத்தாவுக்குக் கேக்காதது இந்த ஒலகத்துல ஒண்ணு கீதா? நல்லா கேளு."

"அத்தை, நீங்க வாங்க. நான் இன்னா கேக்கறேன்னு நீங்க சாட்சி" என்று பச்சையம்மாவைக் காருக்கு முன்பக்கம் அழைத்துப் போனாள். இருவரும் குனிந்தார்கள். சந்திரகலா பானெட்டில் வாயை வைத்து என்னவோ முணுமுணுத்தாள். பக்கத்தில் காதை வைத்திருந்த பச்சையம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிப்பாவி, இன்னாடி..." என்று அவள் வாயைத் திறப்பதற்குள் சந்திரகலா கையைத் தட்டி, "சொல்லு ஆத்தா!" என்றாள்.

பரிகாரம் செய்யட்டுமா என்றுதான் கேட்டிருப்பாள் என்று சடையப்பன் நினைத்துக்கொண்டார். வேறு என்ன கேட்பாள்?

"பாஆஆஆஆம்! பாஆஆஆம்!"

சந்தேகத்துக்கே இடமில்லாமல் இரண்டு தடவை.

"அத்தை, நான் இன்னா கேட்டேன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள் சந்திரகலா. பச்சையம்மாவுக்கு முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்து போயிருந்தது. மணவாளன், "சொல்லும்மா, இன்னா கேட்டுச்சு?" என்று முன்னால் வந்தார்.

"இந்தப் பச்சையம்மா ஆம்பளைதானேன்னு கேட்டா!"

பந்தலில் யாரோ ஒருவன் 'களுக்' என்றான். அதோடு மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மூன்று பிள்ளை பெற்றவளை ஆத்தா ஆம்பளை என்று சொல்லிவிட்டாள், அதுவும் இரண்டு தடவை!

ஆனால் சடையப்பன் லேசுப்பட்ட ஆளா? கண்ணைத் திறக்காமலே சமாளித்தார்.

"சிரிக்காதீங்க! ஆத்தா சூட்சுமமா பேசுறா. பச்சையம்மா ஆம்பளை கணக்கா தைரியசாலின்னு சொல்றா!"

நம்ப மாட்டீர்கள், பாதிக் கூட்டம் "ஆமாமா, அதானே!" என்று தலையாட்டியது. பந்தல் ஓரத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கிற ஆதிகேசவன் கன்னத்தில் போட்டுக்கொண்டே, "இன்னா அர்த்தம் பாருய்யா!" என்றான். எனக்கு அங்கேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சந்திரகலா விடவில்லை.

"சரி சாமி. ஆத்தா எறங்கி இருக்கிறது வண்டியிலயா, உங்க மேலயா?"

"வண்டியில!"

"அப்ப நீங்க எறங்குங்க. வேற ஒருத்தர் குந்தட்டும். ஆத்தா பேசட்டும்."

சடையப்பன் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "விரதம் இல்லாதவன் தொட்டா ரத்தம் கக்குவான்! பொம்பளைங்க நெழல்கூட இந்த சீட்டுல படக் கூடாது!"

அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். பச்சையம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நான்தான் ஆம்பளையாச்சே! நகருய்யா!"

சடையப்பன் மறு பக்கத்துக் கதவு வழியாக உருண்டு இறங்கினார். பச்சையம்மா சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மஞ்சள் துணியை உருவி வீசினாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரத்தம் கக்குவதைப் பார்க்கக் காத்திருந்தது. சிலர் குழந்தைகளின் கண்ணைக்கூடப் பொத்தினார்கள்.

"ஸ்டியரிங்க இந்தாண்ட திருப்புங்க அத்தை. இடது கைப்பக்கம். ரெண்டு வெரல்கடை போதும். ஹாரன் அடிக்கறப்பல்லாம் சாமி கை அவ்ளோதான் நகருது, பாத்துக்கினே இருந்தேன்."

"பாஆஆம்!"

"இப்ப அந்தாண்ட."

சத்தம் நின்றது.

பச்சையம்மா இடம் திருப்பினாள். பாஆம். வலம் திருப்பினாள். கப்சிப். மறுபடி இடம். மறுபடி வலம். அவள் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, அப்புறம் வெட்கம், அப்புறம் பயங்கரமான கோபம். தலையை வெளியே நீட்டி, அந்தக் கட்டைக்குரலில் கேட்டாள்.

"ஆத்தா! இந்தச் சடையப்பன் பித்தலாட்டக்காரன்தானே?"

"பாஆஆஆஆஆஆஆம்!"

"என் மருமவளுக்குத் தோஷம் எதுனா கீதா?"

சத்தமே இல்லை. ஆத்தா அவ்வளவு தெளிவாக அதற்கு முன் குறி சொன்னதில்லை.

அப்புறம் யார் நிற்பார்கள்? மணவாளன் ஏறித் திருப்பினார். நான் ஏறித் திருப்பினேன், என் சேவலுக்காக இன்னும் இரண்டு தடவை திருப்பினேன். தோட்டி முதல் கணக்குப்பிள்ளை வரை வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு ஹாரன் அடித்தார்கள். ஆத்தாவுக்குத் தொண்டை கட்டும் வரை, அதாவது பேட்டரி தீரும் வரை, விடவில்லை. அந்தக் களேபரத்தில் சடையப்பன் பின்பக்கம் நழுவப் பார்த்தார். சேகர் அவரைக் கக்கத்தில் இடுக்கித் தூக்கிக்கொண்டு வந்து நடுப்பந்தலில் போட்டான். நெல்லும் கோழியும் திரும்பி வரும் வரை அவர் அங்கேயே குந்தியிருந்தார். இறாலும் என் சேவலும் மட்டும் திரும்பவில்லை.

சேகர் சந்திரகலாவுக்கு முன்னால் வந்து நின்றான். "என் மேலதான் தப்பு சந்திரா" என்றான். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னான், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பச்சையம்மா முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஐயருகிட்ட நல்ல நேரம் பாத்துனு வரட்டுமா?" என்று தொடங்கினாள். தொடங்கியவள், மருமகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வைங்க அத்தை. கம்பெனி லீவு" என்றாள் சந்திரகலா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் மணவாளன் மீஞ்சூர் மெக்கானிக் ஆசீர்வாதத்தை அழைத்து வந்தார். ஆசீர்வாதம் ஸ்டியரிங்கைக் கழற்றினார். உள்ளே ஹாரனுக்குப் போகிற ஒயரின் மேல்தோல் தேய்ந்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. "இடப்பக்கம் திருப்பறச்சே இது இரும்புல ஒரசுது. ஒரசுனா ஹாரன் அடிக்கும். அவ்ளோதான்" என்று எல்லாருக்கும் பிடித்துக் காட்டினார். புது ஒயர் போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் எட்டு மாதம் விழுந்து கும்பிட்டது அந்த ஒரு சாண் ஒயரை!

எல்லாம் தெளிந்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆதிகேசவன் மெதுவாக மெக்கானிக் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"நைனா, அந்தப் பழைய ஒயரைத் தூக்கிப் போட்டுடாத. எனக்குக் கொஞ்சம் குடு. கொழந்தைக்குத் தாயத்து கட்டணும்."

ஆசீர்வாதம் அந்த ஒயரையும் பார்த்தார், ஆதிகேசவன் தலையையும் பார்த்தார்.

"வண்டிக்கு ஒயர் மாத்திட்டேன் நைனா. உன் மண்டைக்கு நீயேதான் மாத்திக்கணும். அதுக்கு நான் மட்டும் இல்ல, எந்த ஆத்தாவும் வர மாட்டா."