ஆளுக்கொரு ஃபோபியா

நிலத்தால் பெயர் பெற்ற குடும்பங்கள் உண்டு. பதவியால் பெயர் பெற்றவையும் உண்டு. ஆங்கிலச் சொற்களின் கடைசி ஆறு எழுத்துகளால் தலைநிமிர்ந்து நிற்கும் குடும்பம் உலகில் எங்களுடையது ஒன்றுதான். இதை நான் அடக்கத்தோடு சொல்லவில்லை. அடக்கம் எங்கள் வழக்கமும் அல்ல.

இந்தப் பெருமைக்குக் காரணம் என் மூத்த மாப்பிள்ளை. ஆங்கிலச் சொல்வளப் பயிற்சியாளர், எங்களோடுதான் இருக்கிறார். சொற்களை ஒவ்வொன்றாகப் படிப்பது கையாலாகாதவர்களின் முறை என்பது அவர் கொள்கை. ஒரே எழுத்துகளில் முடியும் சொற்களைக் கூட்டமாக மடக்கிப் பிடிக்க வேண்டுமாம். அப்படி நாங்கள் பிடித்த கூட்டம் 'ஃபோபியா'. எல்லாம் அச்சங்கள். முன்னால் இருப்பது மாறினால் அச்சம் மாறும். பின்னால் இருப்பது அசையாமல் நிற்கும்.

"பொருளை மனப்பாடம் பண்ணினா மறந்துடும் மாமா. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சொந்தக்காரர் வேணும்," என்றார் மாப்பிள்ளை.

எனவே என் தலைமையில் குடும்பம் கூடி, அச்சங்களை 'ஒதுக்கீடு' செய்தது. என் தம்பிக்கு கிளாஸ்ட்ரோஃபோபியா, அதாவது அடைபட்ட இடத்தைக் கண்டு அஞ்சுதல். அதுவரை லிஃப்டில் தலை வாரிக்கொண்டு வந்தவர், இப்போது மாடிப்படியில் மூச்சு வாங்குகிறார். குளியலறைக் கதவையும் சாத்துவதில்லை. ஆள் இருப்பது தெரிய வேண்டுமென்று பாடிக்கொண்டே குளிக்கிறார். கற்றதை வாழ்ந்து காட்டுவது என்றால் அதுதான். மூத்த மகளுக்கு ஜெனோஃபோபியா, அந்நியரைக் கண்டு அஞ்சுதல். அழைப்புமணி அடித்தால் சோபாவுக்குப் பின்னால் போய்விடுவாள். என் மனைவி மட்டும் பைரோஃபோபியாவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். நெருப்பைக் கண்டு அஞ்சுதல். அதன் பிறகு அவள் அடுப்பு இருக்கும் பக்கமே போகவில்லை. மாப்பிள்ளைதான் சமைக்கிறார். ஒரு சொல்லின் பொருளை இவ்வளவு விரைவில் பிடித்துக்கொண்டவரைத் தாம் கண்டதில்லை என்று, வெங்காயம் நறுக்கிய கண்ணீரோடு அவரே பாராட்டினார்.

எனக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. தலைவனுக்கு அச்சம் இருப்பது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு.

இந்தப் பொற்காலத்தில்தான் என் இளைய மகள் வந்து நின்றாள். பொறியியல் படித்தவள். வேறு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆற்றுப்பாலத்தின் அடியில் கயிற்றில் தொங்கி, சுத்தியலால் தட்டித் தட்டி விரிசல் பார்க்கும் வேலை. அன்று மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"இதுக்காகத்தான்பா நான் படிச்சதே," என்றாள்.

உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

"அக்ரோஃபோபியா," என்று தொடங்கினார் தம்பி. "உயரத்தைக் கண்டா பயம். புள்ளைக்கு ஆகாது அண்ணா."

"எனக்கு அந்தப் பயமே இல்ல சித்தப்பா. மொட்டைமாடித் தொட்டி மேல ஏறிக் கழுவுறது யாரு?"

"இன்னும் ஒதுக்கல, அதனால இல்ல. ஒதுக்கினா வந்துடும்."

"ஹைட்ரோஃபோபியா!" என்றது சோபாவுக்குப் பின்னாலிருந்து மூத்தவளின் குரல். "கீழ தண்ணி ஓடுமேடி!"

"எனக்கு நீச்சல் தெரியும்க்கா. நீ முதல்ல வெளிய வா."

"யாரோ வந்திருக்காங்களே?"

"பேப்பர் போடுறவர். அவர் காலையிலேயே போயாச்சு."

மாப்பிள்ளை கரண்டியோடு எழுந்தார். துருப்புச்சீட்டைக் கையில் வைத்திருப்பவரின் அமைதி அவர் முகத்தில் தெரிந்தது. "கெஃபிரோஃபோபியா. பாலத்தைக் கண்டு அஞ்சுதல்."

சபை சிலிர்த்தது. பாலத்துக்கென்றே ஒரு சொல்!

"அதை இவளுக்கே ஒதுக்கிடலாம் மாமா. வேலைக்குப் போற பேச்சு தானா நின்னுடும்."

"என்னங்க, ஆசைப்படுறா, போகட்டுமே," என்றாள் என் மனைவி. நெருப்புக்கு அஞ்சுபவர்களுக்குப் பாலம் தொடர்பான விவகாரத்தில் வாக்குரிமை இல்லை என்று அறிவித்தேன்.

இளையவள் என்னைப் பார்த்தபடியே கேட்டாள். "அத்தான், ஒரு சந்தேகம். பொண்ணை வெளியூருக்கு அனுப்ப அப்பா பயப்படுறாரே, அதுக்கு என்ன ஃபோபியா?"

மாப்பிள்ளை அகராதியைப் புரட்டினார். கைப்பேசியில் தேடினார். அடுப்பில் ஏதோ தீயும் வாடை வந்தது. அதைப் போய்ப் பார்க்கும் அதிகாரம் படைத்தவர் தேடிக்கொண்டிருந்ததால் யாரும் அசையவில்லை.

"அப்படி ஒரு வார்த்தையே இல்ல மாமா," என்றார் கடைசியில்.

"வார்த்தை இல்லன்னா அப்பாவுக்கு அந்தப் பயமும் இருக்காது," என்றாள் அவள், மிகப் பணிவாக. "இருந்தா, பேரே இல்லாத ஒண்ணை வச்சுக்கிட்டு இருக்கார்னுல்ல ஆயிடும்?"

நாலு பேர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? தோளிலிருந்து நழுவிய துண்டை இரண்டு முறை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மின்விசிறிக் காற்று அப்படி. தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு வழங்கினேன். "போயிட்டு வா. எனக்கென்ன பயம்?"

அங்கேயே நின்று அவள் அலுவலகத்தை அழைத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். எங்கள் தரம் எதிர்முனைக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குள் புகை கூடத்துக்கு வந்துவிட்டது. முன்பின் தெரியாத மேலாளரின் குரல் கேட்டதும் மூத்தவள் சோபாவுக்குப் பின்னாலிருந்து வீறிட்டாள். "ஐயோ, நெருப்பு!" என்று என் மனைவி, வாங்கிய சொல்லுக்குத் துரோகம் செய்யாமல் அலறினாள். "கதவைத் திறங்க, மூச்சு முட்டுது!" என்று திறந்திருந்த கதவருகே நின்று தம்பி கத்தினார்.

"என்னம்மா அங்க சத்தம்?" என்றார் மேலாளர்.

"எங்க வீடு சார்."

"ஓ. சரிம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்கணும். ஆபத்தான வேலை. அந்தரத்துல தொங்கும்போது பதற்றப்படாம இருக்கணும். இருந்துடுவியா?"

"பொறந்ததுலேர்ந்து இங்கதான் சார் இருக்கேன்," என்றாள் என் மகள்.

மூத்தவள் இன்னொரு முறை வீறிட்டாள்.

"நாளைக்கே வந்துடும்மா," என்றார் அவர்.

வேறு கேள்வி இல்லை. எழுத்துத் தேர்வு இல்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவள் என்ற ஒரே தகுதி அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு குடும்பத்துக்கு இதைவிட உயர்ந்த நற்சான்று வேறென்ன வேண்டும்?