தற்காலிகமாக எடுத்த மண்டபம்

உலக நீதி வரலாற்றில் சர்வதேச நீதிமன்றம் உள்ள ஹேக் நகரத்துக்கு அடுத்த இடம், கனடாவின் மொன்றியலில் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்ட் மண்டபத்துக்கே உரியது. அங்கேதான் 'ஆக்கிரமிப்பு நிலச் சட்ட ஆய்வுக் குழு' கூடியது. நிலத்தைப் பிடித்த படையே நீதிமன்றமும் வைத்து அந்த நிலத்து மக்களை விசாரிக்கலாமா என்பதுதான் ஆய்வுப் பொருள். கூடாது என்று ஒன்பது தடவை ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஒன்பதையும் குறிப்பேட்டில் எழுதியவர் செயலாளர் சிவநேசம். யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டில் முப்பத்தைந்து வருடமாகப் படை குடியிருக்கிறது. அதுபற்றிப் படைமுகாமிலிருந்து வந்த ஒரே கடிதத்தைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பார். ஆகவே குழுவில் அவருக்குத் தனி மரியாதை.

மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சிவாஜினி, புதிதாக வந்த பெண்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பாள். கருத்தரங்குக்கென்று ஒரே ஒரு சனிக்கிழமையை அவளிடம் கேட்டு வாங்கிய குழு, 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' ஐந்து மாதம் அங்கேயே தங்கிவிட்டது. பாதுகாக்க வேண்டியிருந்தவை ஒரு பதாகையும் ஒரு தேநீர்க் கேத்தலும். பெண்கள் குளிர்க்கோட்டோடு வாசல் படிக்கட்டில் குந்தியிருந்து வினைச்சொற்களை மனப்பாடம் செய்தார்கள். பிரெஞ்சுச் சோதனைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தவறினால் அவர்களில் ஒருத்தியான புஷ்பவதிக்குக் கிடைக்கவிருந்த பிள்ளைகள் காப்பக வேலை கைவிட்டுப் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை, பொறுமையிழந்த சிவாஜினி பதினொரு பெண்களோடு உள்ளே வந்து நாற்காலிகளில் அமர்ந்துவிட்டாள். 'அத்துமீறல்' என்றார் தலைவர் தியாகராசா. தேநீர் ஆறுவதற்குள் குழுவிலிருந்தே மூவர் கொண்ட விசாரணை மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. நடுநிலைமைக்குக் குறைவேயில்லை. மூவரில் ஒருவருக்கு அன்று தலைவரோடு பேச்சில்லை.

"இடத்தைப் பிடிச்சதும் நீங்கள். முறைப்பாட்டையும் உங்களிட்டையோ சொல்லோணும்?" என்று கேட்டாள் சிவாஜினி.

"பின்னை ஆரிட்டைச் சொல்லப்போறீர், பிள்ளை?" என்றார் தலைவர் பரிவோடு. "விசாரிக்கிற அதிகாரமும் இடத்தை வச்சிருக்கிறவைக்குத்தானே."

"எங்களுக்குச் சோதினை வருது, ஐயா."

"அது முடியட்டும். பேந்து பாப்பம்."

பெண்கள் படிக்கட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. புஷ்பவதிதான் முதலில் கொப்பியை மூடிவிட்டு எழுந்தாள். அவள் முகத்தைப் பார்க்கச் சிவநேசத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் செயலாளர் செயலாளர்தான். தீர்ப்பை எழுத்தில் தரும்படி தலைவர் பணித்தார், சட்ட நடை பிசகக் கூடாது என்றும் எச்சரித்தார். சிவநேசம் ஓரிடத்திலும் தடுமாறாமல் எழுதி, எழுந்து நின்று வாசித்தார்:

"பாதுகாப்புக் கருதித் தற்காலிகமாகப் பொறுப்பேற்கப்பட்ட இம்மண்டபம் உரிய காலத்தில் விடுவிக்கப்படும். அதுவரை உட்பிரவேசித்தல் குற்றமாகும். முறைப்பாடுகளைப் பொறுப்பேற்றோரிடமே சமர்ப்பிக்கவும்."

மன்றம் கைதட்டியது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு நடையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

சிவநேசம் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த கடிதத்தை எடுத்து மேசையில் விரித்து வைத்தார்.

"நான் 'வீடு' எண்டிருந்ததை மட்டுந்தான் 'மண்டபம்' எண்டு மாத்தினனான், அண்ணை."