ஒரு செடி போதும்

"நீ சொன்னதுதான் சரி."

இந்த மூன்று சொற்களை ஆர்விட் லிண்ட்குவிஸ்ட் கல்யாணமான நாளிலிருந்து மனைவி மேவிஸிடம் சொன்னதில்லை. இந்த ஆகஸ்டிலும் சொல்லப்போவதில்லை என்ற உறுதியோடு, அவள் எழுந்திருப்பதற்கு முன்பே தோட்டத்தில் குனிந்து சுக்கினி பறித்துக்கொண்டிருந்தார்.

சுக்கினி பார்க்க வெள்ளரிக்காய் போலிருக்கும். வெள்ளரிக்காயின் அடக்கம் மட்டும் இருக்காது. இன்றைக்கு விரலளவு, நாளைக்கு முழங்கையளவு. இரண்டு நாள் இலைக்கடியில் ஒளிந்திருந்தால் பேஸ்பால் மட்டை. அமெரிக்காவில் அவர்கள் இருந்த விஸ்கான்சின் மாநிலத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், ஒரு குடும்பத்துக்கு ஒரு செடி போதும் என்று. ஆர்விட் பன்னிரண்டு நட்டிருந்தார்.

வேலை பார்த்த காகித ஆலையை மூடியதிலிருந்து அவர் நாற்காலியை விட்டு அதிகம் எழுந்ததில்லை. வசந்தத்தில் ஒருநாள் மேவிஸ் அந்த நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சுக்கினி விதைப் பொட்டலத்தை வைத்தாள்.

"சும்மா குடுத்தாங்க. பொழுதுபோகலேன்னா போடு. ஆனா எல்லாத்தையும் போட்டுடாதே ஆர்விட். ஒண்ணு போதும்."

"தோட்டம் போடப்போறது யாரு?"

"நீதான்."

"அப்ப எத்தனை போடணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரி," என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்தது அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அன்று மாலையே மண்ணைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்.

ஜூலையில் காய்ப்பு தொடங்கியது. மேவிஸ் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சமைத்தாள். சுக்கினி ரொட்டி, சுக்கினி சூப், சுக்கினி அடை. சாக்லெட் கேக்கை ஆசையாக வாயில் வைத்தால் அதற்குள்ளும் பச்சையாக ஏதோ தெரிந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நாளைக்கும் பண்ணட்டுமா?"

"பண்ணேன். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"நீ எங்க சொல்லுவே."

அக்கம்பக்கத்தில் தள்ளிவிடலாம் என்று பார்த்தார். அந்த ஊரில் யாரும் காரைப் பூட்டுவதில்லை. ஆகஸ்டில் மட்டும் பூட்டுவார்கள். பூட்டாத காரின் பின்சீட்டில் யாராவது சுக்கினியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம்தான். பக்கத்து வீட்டு டெல்பர்ட் காரைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஆர்விட், நேத்து என் வாசப்படியில ஒரு மூட்டை கிடந்தது."

"அப்படியா? யாரு வச்சது?"

"நீதான் சொல்லணும். எம் பொண்டாட்டி உங்க வீட்டம்மாகிட்ட நன்றி சொல்லிடறேன்னா."

"அவகிட்ட எதுக்குப்பா? வேண்டாம். குடு, நானே எடுத்துக்கிறேன்."

"அதோட எங்க வீட்டுல காய்ச்சதையும் சேர்த்து வச்சிருக்கேன். ரெண்டையும் எடுத்துக்கோ."

கொடுக்கப்போன இடத்தில் வாங்கிக்கொண்டு திரும்பிய அன்றுதான் ஆர்விட்டுக்கு மெல்பி ஞாபகம் வந்தது. மெல்பி அடுத்த ஊர். அங்கே தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஓர் உணவு வங்கி இருந்தது. இல்லாதவர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து வேண்டியதை எடுத்துப்போவார்கள். மேவிஸ் வியாழக்கிழமைகளில் ஒரு தொண்டர் கூட்டத்தோடு பண்ணை பண்ணையாகப் போய், விற்காமல் நிற்கும் காய்களைப் பறித்து இந்த ஊர் உணவு வங்கிக்குக் கொடுத்துவந்தாள். அது இந்த ஊரோடு சரி, மெல்பியில் அவளை யாருக்குத் தெரியும்? செவ்வாய் காலையில் அவள் நீச்சல் குளத்துக்குப் போய்விடுவாள். எல்லாம் கூடிவந்தது.

நான்கு பெட்டிகளோடு இறங்கிய அவரை ஷெரிலின் என்ற பருத்த பெண்மணி வரவேற்றாள். அந்த இடத்தை நடத்துகிறவள்.

"பேரு?"

"ஓல்சன்," என்றார். அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் ஓல்சன்தான்.

ஷெரிலின் அவரை ஒருகணம் கூடுதலாகப் பார்த்தாள். "வாங்க மிஸ்டர் ஓல்சன். அந்த மேஜையில வைங்க."

வைத்துவிட்டு ஓடிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் மேஜையைப் பார்த்ததும் நின்றார். சுற்றிலும் அலமாரிகளில் டப்பா, டப்பா, டப்பா. பச்சையாக இருந்தது அவர் கொண்டுவந்தது மட்டும்தான். அவர் கையை எடுப்பதற்குள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். மருத்துவமனைச் சீருடையில் இருந்த ஓர் இளம்பெண் ஒரு காயை எடுத்து மூக்கருகில் வைத்து முகர்ந்தாள்.

"காலையில பறிச்சதா?"

"ஆமா."

"இதை என்ன செய்யறது? எங்க வீட்டுல பழக்கமில்லை."

ஆர்விட் வாயைத் திறந்தார். ரொட்டியில் ஆரம்பித்தார். சூப்புக்குப் போனார். அடைக்குத் துருவிய பிறகு பிழிய வேண்டும், பிழியாவிட்டால் சட்டியில் ஒட்டிக்கொள்ளும் என்றார். கேக்கில் போட்டால் குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாது என்றார். தனக்கு இவ்வளவு தெரியும் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பின்னால் நின்ற பெரியவர் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. பிழியணுமா?"

கிளம்பும்போது அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி. அடுத்த வாரமும் வருவீங்களா?"

ஆலை மூடிய பிறகு யாரும் அவரிடம் எதற்கும் நன்றி சொன்னதில்லை. அடுத்த வாரம் வருவீர்களா என்று கேட்டதுமில்லை.

அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும். டெல்பர்ட் வீட்டுக் காயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவன் அரண்டுபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். மட்டை அளவுக்கு விடக்கூடாது, சிறிதாக இருந்தால்தான் கிழவர்களுக்கு நறுக்க வரும் என்று மெல்பியில் சொன்னார்கள். விடியற்காலையில் டார்ச் வைத்துக்கொண்டு இலைக்கடியில் தேடினார்.

செப்டம்பர் கடைசியில் உறைபனி விழுந்து செடிகள் கருகின. கடைசிப் பெட்டியோடு போன அன்று மேஜையில் காப்பியும் பூசணிப் பணியாரமும் வைத்திருந்தார்கள். அந்த மருத்துவமனைப் பெண் கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். ஆர்விட் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

வாசல்வரை வந்த ஷெரிலின், "மேவிஸுக்கும் எங்க நன்றியைச் சொல்லிடுங்க மிஸ்டர் லிண்ட்குவிஸ்ட்," என்றாள்.

ஆர்விட்டின் கால் படியிலேயே நின்றது.

"எங்களுக்குக் காய் குடுத்திட்டிருந்த பண்ணைக்காரர் மார்ச்ல நிலத்தை வித்துட்டார். என்ன செய்யறதுன்னு தெரியலை. மேவிஸ் வந்து, ஆகஸ்ட்ல வாரத்துக்கு நாலு பெட்டி சுக்கினி வரும்னா. நிச்சயமா வருமான்னு கேட்டேன். 'ஒரு செடி போதும்னு சொல்லிட்டேன், கட்டாயம் வரும்'னா."

"என் பேரு..."

"அதையும் சொன்னா. ஓல்சன்னு சொல்லிக்குவார், கண்டுக்காதீங்கன்னு."

வீடு வரும்வரை ஆர்விட் கோபப்பட முயன்றார். ஒவ்வொரு முறையும் கோபம் கிளம்பியதும் பாதிவழியில் அந்தக் கைதட்டல் குறுக்கே வந்து நின்றது. இரவுச் சாப்பாட்டில் சுக்கினி இல்லை. உருளைக்கிழங்கு. அதைக் கிளறிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. அந்த மூன்று சொற்களை இப்போதும் சொல்ல வேண்டியதில்லை.

"மேவிஸ், நீ சொன்னது தப்பு."

"எது?"

"ஒரு செடி போதும்னது. போதாது."

"தப்புதான்," என்றாள் மேவிஸ். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"அது... நல்லா இருந்தது. நன்றி."

"உருளைக்கிழங்கா?"

"அதுவும்."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "அடுத்த வருஷம் தக்காளி போடேன். ஆனா ரெண்டு செடி போதும்."

ஆர்விட் யோசித்தார். இரண்டு போட்டால் அவள் பேச்சைக் கேட்டதாகும். பன்னிரண்டு போட்டால் அவள் நினைத்தது நடந்ததாகும். இரண்டுமில்லாமல் ஏழு. ஏழு யாருக்கும் தோன்றாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளை முந்திவிட்ட திருப்தியோடு, மண்வெட்டியை மாட்டிவைக்கக் கொட்டகைக்குப் போனார்.

மாட்டும் ஆணிக்குக் கீழே, தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்கும் கம்பிக்கூண்டுகள் புதிதாக, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. எண்ணினார்.

ஏழு.