ஜெயம்மாளின் பையை நான் வேகவைத்த விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் வரதன் அவர்களுக்கு,

மானாம்பதியிலிருந்து வேதகிரி வணக்கத்துடன் எழுதுவது. குன்னூர்க் குளிரில் நீங்களும் கனகா அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் இரண்டு மாடுகளும் நலம். உங்கள் தங்கை ஜெயம்மாளும் நலமாகத்தான் இருக்க வேண்டும்; ஒன்பது நாளாக என்னிடம் பேசாததால் உறுதியாக எழுத முடியவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது, அக்கா சுவெட்டர் பின்னி மிச்சமான கம்பளி நூலை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளி கொண்டுவரும் பெருந்தன்மை உங்களைத் தவிர யாருக்கு வரும். அதோடு நிற்காமல் அக்கா இரண்டு ஊசியையும் கொடுத்து, பின்னவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் குழம்பு அடிப்பிடித்தாலும் "இந்த வரி முடிச்சிட்டு வரேன்யா" என்பதுதான் பதில். பச்சை, மெரூன், மஞ்சள் என்று கிடைத்த துண்டு நூலையெல்லாம் முடிச்சுப் போட்டு, மூன்று மாதத்தில் ஒரு பை பின்னினாள். பை என்றால் உள்ளே நான் சம்மணம் போட்டு உட்காரலாம். பின்னலின் ஒவ்வொரு கண்ணிலும் விரல் நுழையும். கேட்டதற்கு, "இப்ப தொளதொளன்னுதான் கீது. சுடுதண்ணில சோப்பு போட்டுத் தேச்சா சுருங்கி, தோலு மாதிரி கெட்டியா ஆயிடும்" என்றாள். எடுத்த துணி சுருங்கினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற குடும்பம் உங்களுடையது. சுருங்க வேண்டும் என்றே ஒன்றைச் செய்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

போன வாரம் ரேஷனில் அரிசி போடுகிறார்கள் என்று கேட்டதும், சாக்கு அகப்படாத அவசரத்தில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டேன். உள்ளே சுற்றிலும் செய்தித்தாள் விரித்தேன். அந்த அளவு முன்யோசனை எனக்கும் உண்டு. இருபது கிலோவைக் கேரியரில் வைத்து மிதித்தேன். ஏரிக்கரை வளைவில் தாள் கிழிந்திருக்க வேண்டும். வண்டி வரவர லேசானதை, உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் இறங்கித் திரும்பினால், தெருக் கோழியெல்லாம் பின்னால் வரிசையாக வருகின்றன. மிச்சம் ஒரு படி இருக்கும். ஜெயம்மாள் பையை வாங்கினாள், உதறினாள், ஆணியில் மாட்டினாள். அன்று வாயை மூடியவள்தான்.

அரிசி போன கோபம் என்று புரிந்துகொண்டு, அவள் சாலவாக்கம் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, நானே பையைச் சுருக்க முடிவுசெய்தேன். அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, சோப்புத் தூளைக் கொட்டி, பையைப் போட்டுத் துடுப்பால் அடித்தேன், கல்லில் துவைத்தேன், மறுபடி போட்டேன். பக்கத்து வீட்டு இளவரசி எட்டிப் பார்த்து, "இன்னா பெரியப்பா, நூல வேவ வெச்சிக்கினு கீற? பெரியம்மா சோறு ஆக்கி வெச்சிட்டுப் போவலியா?" என்றாள். ஒரு மணி நேரத்தில் பை பாதியாகிவிட்டது. முதலில் அரிசியை இறைத்தேன், இப்போது மூன்று மாத உழைப்பையும் கரைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மேலும் சுருங்காமல் இருக்க ஈரத்தோடு கவிழ்த்த குக்கர் மேல் மாட்டி, வெயிலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கழற்றினால், மச்சான், பை தானாக நின்றது. ஒரு கண்கூடத் தெரியவில்லை. நாலு செங்கல் வைத்துத் தூக்கினேன், இம்மியும் தொங்கவில்லை. ஜெயம்மாள் வந்து பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே கைவிட்டுத் தடவினாள். பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

ஒரு மனுசன் இதுக்கு மேல இன்னா பண்ணுவான், சொல்லுங்க. கொட்டின அரிசிக்கு ஒன்பது நாளா. அண்ணன் என்ற முறையில் நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இனி நூல் எதுவும் அனுப்ப வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேத்தி நிஷாவுக்கு நல்ல மார்க்கும் அதைவிட நல்ல புத்தியும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
வேதகிரி

பின்குறிப்பு: நான் தபால்தலை வாங்கப் போன நேரத்தில் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். வந்ததும் பேசினாள். "அரிசிக்கா நான் பேசாத கெடந்தேன்? ரேஷன் கடையில இன்னா சொன்ன, அத எழுதலியே." எழுதவில்லைதான். எடை போடும் பெண் இது என்ன என்று கேட்டதற்கு, "எம் பொண்டாட்டிக்கு வேற வேல இல்ல, ஏரில மீன் புடிக்க வல பின்னிக்கினு கீறா" என்றேன். வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன். வரிசையில் நின்ற கோவிந்தம்மாள் அன்றே வந்து இவளிடம் சொல்லியிருக்கிறாள். ஆகவே, மேலே என் பக்கம் நியாயம் இருப்பதாக எங்காவது தெரிந்தால், அந்த இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். "கிழிக்காத. எங்கண்ணனும் படிக்கட்டும்" என்று, கவரை ஒட்டப் பசையோடு பக்கத்திலேயே நிற்கிறாள். நாளை பருப்பு வாங்க நான் இந்தப் பையோடு போய், அதே வரிசையில் நின்று, இதைப் பின்னியது யார் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டுமாம். யாரும் கேட்காவிட்டாலும்.