உன் அப்பா வயிற்றில் இருந்த அம்புக்குறி பற்றி

அன்புள்ள மூத்த மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பா முக்கால்வாசி நன்றாக இருக்கிறார், உன் அத்தைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும்.

அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் உன் அப்பா, பக்கத்தில் நின்றபடி நான், இருந்த ஒரே நாற்காலியில் உன் அத்தை, வாசலோரம் போனும் கையுமாக உன் தங்கை, பிற்பாடு வந்த கண்ணாடி போட்ட நர்ஸ், அதற்கும் பிற்பாடு வந்த சர்ஜன். மொத்தம் ஆறு பேர். அத்தை உன்னிடம் போனில் சொன்ன கதையிலோ ஆஸ்பத்திரியே கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம். நான் நாலாம் வகுப்புதான், ஆனால் ஆறு வரை எண்ணத் தெரியும். அந்தக் கதையை நம்பி, உடம்பு தேறும் வரை ஆறு வாரமும் அப்பா அத்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று நீ சொன்னாயாம். என் கையில் விட்டால் ஆபத்தாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

குடல் இறங்கியிருக்கிறது, வயிற்றில் மூன்று சின்ன ஓட்டை போட்டு, உள்ளே காமிரா விட்டுப் பார்த்துக்கொண்டே வலை வைத்து அடைத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் அவரைச் சேர்த்தோம். உன் அத்தையையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு நான் கீழே போய்க் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன், அந்தப் பத்து நிமிஷத்தில் சர்ஜன் வந்து போனது எனக்கு எப்படித் தெரியும், போர்வையை விலக்கினால் அடிவயிற்றில் ஊதா நிறத்தில் ஒரு கோடு. உன் அப்பா கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். நாற்பத்தொரு வருஷமாக அந்த உடம்பில் பெயிண்டைப் பார்த்தால் தேய்த்து எடுப்பது என் வேலை. காதுக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறேன், தொப்புளுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறேன். ஆபரேஷன் நாளிலும் மனுஷன் எங்கேயோ பிரஷ்ஷைப் பிடித்துவிட்டு வந்திருக்கிறார், டாக்டர் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று, சுவரில் மாட்டியிருந்த கைக்குத் தேய்க்கிற மருந்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பளிச்சென்று போய்விட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

கண்ணாடி நர்ஸ் வந்தாள். போர்வையைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். "அம்புக்குறி எங்கம்மா?" என்றாள். எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று சர்ஜன் தன் கையால் போட்ட குறியாம், அது இல்லாமல் ஆளை உள்ளே விடமாட்டார்களாம். உடனே உன் அத்தை, "இடது பக்கந்தான், என் தம்பியை எனக்குத் தெரியாதா" என்றாள். "காகிதத்துல வலதுன்னு போட்டிருக்கு அத்தை" என்றாள் உன் தங்கை. சரி, உடம்புக்காரரையே கேட்போம் என்று கேட்டால், அவருக்கு அதற்குள் தூக்க மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. "வெளியில நின்னு எழுதினா வலது, கடைக் கண்ணாடிக்கு உள்ள இருந்து எழுதினா இடது" என்றார். சர்ஜன் வந்தார். "குறியும் இல்ல, ஆளுக்கு ஒரு பக்கம் சொல்றீங்க. இவருக்கு மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம், அடுத்தவரைக் கூப்பிடுங்க" என்றார். விடவில்லையே நான். "டாக்டர், போன வருஷம், மழை விட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை, பல் டாக்டர் போர்டை மாட்ட ஏணியைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறினாரு. இறங்கி வரும்போது வலது பக்கத்தைப் பிடிச்சிக்கிட்டாரு. அப்ப இந்த அண்ணி வந்து, வெறும் வாயு, சரியாப் போயிடும்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றேன். அத்தை நாற்காலியில் நெளிந்தாள்.

சர்ஜன் உதட்டைக் கடித்துக்கொண்டு, "நின்னுக்கிட்டு இருமுங்க ஐயா, தெரிஞ்சிடும்" என்றார். நானும் நர்ஸும் தாங்கிப் பிடித்து நிறுத்தினோம். ஆஸ்பத்திரி அங்கி முதுகுப் பக்கம் பூராவும் திறப்பு, முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்தது உன் அத்தை, செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கியவள்தான், அப்புறம் இறக்கவே இல்லை. உன் அப்பாவுக்கோ இருமல் வரவில்லை. இப்படி இருமுங்க என்று நான் இருமிக் காட்டினேன், நர்ஸ் இருமினாள், உன் தங்கை இருமினாள், பொறுக்கமாட்டாமல் சர்ஜனும் இருமினார். எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார் உன் அப்பா. "உங்க எல்லாருக்குமா ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் வலது பக்கம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது. சர்ஜன் முன்னைவிடப் பெரிய அம்பாகப் போட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகி, "அம்மா, நீங்க வெளியில இருங்க" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்தவர் வயிற்றைச் சொல்லாமல் தோள் வலிக்கிறது என்றார். நான் போய்ச் சண்டை பிடித்தது உண்மை. உள்ளே இடம் உண்டாக்க வயிற்றில் காற்றை அடைப்பார்களாம், மிச்சக் காற்று தோளில் வலி காட்டுமாம், இரண்டு நாளில் போய்விட்டது. அத்தை சொன்ன மாதிரி நான் கட்டிலிலிருந்து தள்ளிவிடவில்லை. இப்போது தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கவிடுவதில்லை. காலையும் மாலையும் தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிவருகிறேன். சிரிப்பு வந்தால் வயிற்றில் தலையணையை அமுக்கிக்கொள்ள வேண்டும், அதையும் நான்தான் கொடுக்கிறேன். நீயே சொல், இவரை எதற்கு அத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்? அப்பா இங்கேதான் இருப்பார் என்று அத்தைக்குப் போன் செய்து கறாராகச் சொல்லிவிடு.

மருமகள் கைவலி தீரட்டும், பிள்ளைகள் நன்றாக வளரட்டும், நீ வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் குறி அழியக்கூடாது என்று சர்ஜன் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். "தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டுப் படுத்திருந்தீங்க?" என்றேன். "நாப்பத்தொரு வருஷமாப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ப்ப. அன்னைக்குத்தான் பூ மாதிரி துடைச்ச. சொன்னா நிறுத்திடுவியேன்னு இருந்தேன்" என்கிறார். ஆகையால் மேலே எழுதிய எதையும் எடுத்துக்கொள்ளாதே. அத்தை நாளைக்கே வந்து கூட்டிப்போகட்டும், ஆறு வாரம் போதாது என்றால் எட்டு வாரம் வைத்துக்கொள்ளட்டும். அவளை நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்கவே மாட்டேன் என்று ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, அது உன் அப்பா.